செரிப் பரியாரியாரும் சலவை நாளும்

சுவிஸ் நாட்டில் மருந்து செய்கிற கொம்பனிகள் இன்னும் இழுத்து மூடப்படாமல் இருப்பதற்கு ஒரே காரணம், செரிப் பரியாரியாருக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழி சரியாக ஓடாததுதான். அவருக்கு மட்டும் நாக்குத் திரும்பியிருந்தால், பாசல் நகரில் உயர்ந்து நிற்கிற கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் இன்றைக்குச் செரி காயவைக்கிற கொட்டில்களாகியிருக்கும்.

பரியாரியார் என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியர். உண்மையான பரியாரியாரிடம் நூறு வேரும் இருநூறு பட்டையும் இருக்கும். எங்கள் ஆளிடம் இருந்தது ஒன்றே ஒன்று: காய்ந்த புளிச்செரி. கேக்கின் தலையில் வைக்கிற சீனியில் ஊறிய சிவப்புச் செரியை நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்த ஒருவருடன் அவர் ஒரு தைப்பொங்கல் முழுக்கக் கதைக்கவில்லை. இது கறுத்துச் சுருங்கி, பெரிய முந்திரிகை வற்றல், அதாவது உலர்திராட்சை மாதிரி இருக்கும். வாயில் போட்டால் முதலில் கண் இரண்டும் தானாக மூடிக்கொள்ளும். புளிப்பு அடங்கின பிறகுதான் இனிப்பு என்று ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். கண் மூடுகிற அந்த இடத்திலேயே மருந்து வேலைசெய்யத் தொடங்கிவிட்டது என்பது அவருடைய கட்சி.

நாங்கள் லாங்கன்தாலில் அந்த மூன்று தட்டுக் கட்டடத்துக்குக் குடிபோனது 2009 கடைசியில். எங்கள் சனம் ஒருவரை ஒருவர் கண்டால் முதல் கேள்வி ஊரில் எவடம் என்பதாகத்தான் இருக்கும். இவர் அப்படிக் கேட்கவில்லை. நானும் என் கணவரும் மெத்தையை ஏற்றிக்கொண்டு படி வளைவில் சிக்கி நின்றபோது, கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மெலிந்த மனிதர் வந்தார். மெத்தையை ஒருதரம் அமத்திப் பார்த்தார்.

“மெத்தை நல்லாத்தான் இருக்கு. நித்திரை எப்பிடி?”

என் கணவர் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடியே நித்திரையைப் பற்றிச் சொன்னார். பிறகு முழங்காலைப் பற்றிச் சொன்னார். காலையில் வயிறு ஒழுங்காகப் போகிறதா என்பதையும், கட்டின மனைவிக்குக் கூட இதுவரை சொல்லாத விவரங்களோடு, சொல்லி முடித்தார். இரண்டு கையும் மெத்தையில் இருந்ததால் பரியாரியாரே அவருடைய வாயைத் திறந்து நாலைந்து செரியைப் போட்டுவிட்டார். அதன்பிறகுதான் எங்கள் மெத்தை மேலே போனது.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். காலைச் சாப்பாட்டுக்கு ஓட்சும் பருப்பும் பழவற்றலும் கலந்து பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் அவருக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. பக்கத்தில் நின்று வேலைசெய்த போர்த்துக்கல்காரி ஒருத்தி, தன் தாய் நித்திரைக்கு இந்தப் புளிச்செரியைத்தான் சாப்பிடுகிறவள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறாள். வேறு யாருக்கும் அது காதில் விழுந்து போயிருக்கும். இவருக்கு நெஞ்சில் விழுந்துவிட்டது.

ஏனென்றால் இவருடைய மனைவி ஊரில். கலியாணம் கட்டிக் கொஞ்ச மாதம்தான் ஒன்றாக இருந்தார்கள். யுத்தம் முடிந்த அந்த வருடம் அந்தப் பெண்பிள்ளை முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாவில் தமக்கை வீட்டில் ஒதுங்கியிருந்தது. இவர் போன் எடுக்கிற நேரமெல்லாம் அங்கிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: நித்திரை வருகுதில்லை. அந்த வருடம் எங்களில் யாருக்குத்தான் நித்திரை வந்தது? ஆனால் மற்றவர்கள் நித்திரை இல்லை என்று கதைத்துக்கொண்டிருந்தோம். இவர் செரி வாங்கிப் பார்சல் அனுப்பத் தொடங்கினார்.

மனைவியை இங்கே கூப்பிட அலுவல் பார்த்தபோது, குடும்பம் இருக்கத் தோதான வீடு இருந்தால்தான் சரிவரும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நாய் படாப் பாடு பட்டுக் கிடைத்தது அந்தக் கீழ்வீடு. அது கையை விட்டுப் போனால் மனைவியின் வரவும் போய்விடும். இதைக் கட்டடத்தில் எல்லோரும் அறிவோம். செரியின் பலன்களைச் சொல்லி முடித்ததும் அவர் கட்டாயம் சொல்கிற அடுத்த விசயம் இதுதான்.

பலன்களோ முடிகிற சாமான் இல்லை. வேலை முடிந்து நாரி நோவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குச் செரி. முழங்கால் நோவுக்குச் செரி. மலச்சிக்கலுக்கு இளஞ்சுடுதண்ணியில் ஊறப்போட்ட செரி. இரண்டாம் தட்டில் இருந்த ஒரு பெடியனை விரும்பின பெண் கைவிட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒரு போத்தல் செரியோடு மேலே ஏறினார். பெடியன் அதைச் சாப்பிட்டானோ தெரியாது, அடுத்த மாதமே வேறொருத்தியை விரும்பத் தொடங்கினான். பரியாரியார் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

என் கணவருக்கு யூரிக் அசிட் கூடி, கால் பெருவிரல் அடிக்கடி சிவந்து வீங்கும். செரி அதற்கும் நல்லது என்று பரியாரியார் சொன்னதுதான் தாமதம், இந்த மனிதர் என்னிடம்கூடச் சொல்லாமல் டொக்டர் கொடுத்த குளிசையை நிற்பாட்டிவிட்டார். கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது. டொக்டர் நல்ல கிழி கிழித்தார். செரி சாப்பிடுவதில் பிழையில்லை, சிலருக்கு உதவுகிறது என்றும் சொல்கிறார்கள், ஆனால் குளிசை குளிசைதான் என்று விளங்கப்படுத்தி அனுப்பினார். செய்தி கேட்டுப் பரியாரியார் ஓடிவந்தார். என் கணவரின் காலடியில் குந்தியிருந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

அதன்பிறகு செரியோடு ஒரு சட்டமும் சேர்ந்து வந்தது. “குளிசையை நிப்பாட்டினா, செரி இல்லை.” சீனி வருத்தக்காரருக்குக் கையை இறுக்கித்தான் கொடுப்பார். மருந்துக் கொம்பனிகளுக்கு அவர் தெரியாமல் செய்த உபகாரம் இது.

சமையலிலும் அவர் கைவைக்காமல் விடவில்லை. பழப்புளிக்குப் பதில் செரி போட்டு மீன்குழம்பு வைத்தார், அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. கோயில் பொங்கலுக்குள் முந்திரிகை வற்றலுக்குப் பதிலாக யாரும் காணாத நேரம் செரியைக் கொட்டினார். பொங்கல் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. ஐயர் கேட்டதற்கு, சாமி ஒன்றும் சொல்லவில்லையே என்று பதில் சொன்னார்.

கடைச் செரி கட்டுப்படியாகாமல் போக, ஊர் ஓரத்தில் ஒரு கமக்காரரின் காணியில் புளிச்செரி மரங்கள் நிற்பதைக் கண்டுபிடித்தார். புளிப்பு என்று ஆளில்லாமல் குருவிக்கு விட்டிருந்த மரங்கள். கேட்டதும் பிடுங்கிக்கொள் என்று விட்டுவிட்டார் கமக்காரர். கொண்டை ஊசியின் வளைவை உள்ளே விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினால் பழம் உடையாமல் கொட்டை வெளியே வந்துவிடும். அடுத்த ஆடி மாதம் எங்கள் கட்டடத்துப் பெண்கள் ஒருவர் தலையிலும் கொண்டை ஊசி இருக்கவில்லை.

பிடுங்கியாயிற்று, கொட்டை எடுத்தாயிற்று. காயப்போடுவது எங்கே? லாங்கன்தால் வெயிலை நம்பினால் பூஞ்சணம்தான் பிடிக்கும். அங்கேதான் வந்தது வினை.

சுவிசில் இருக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே மாடிக் கட்டடங்களில் நிலத்துக்குக் கீழே ஒரு சலவை அறை இருக்கும். அதற்குப் பக்கத்தில், சூடான காற்று ஊதி ஈரத்தை உறிஞ்சுகிற மெசினோடு ஒரு காயப்போடும் அறை. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு, கிழமையில் ஆறு நாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். ஞாயிறு யாரும் தோய்க்கக் கூடாது. உங்களுடைய நாளில் சாவியை வாங்கி, தோய்த்து, காயவைத்து, அறையைத் துடைத்து, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் கடவுளை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். சலவை நாளை நம்பாதவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

எங்கள் சாவி, பரியாரியாருக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்த சுவிஸ் அம்மாவிடம் இருந்தது. கட்டடத்தில் அவர் ஒருவர்தான் சுவிஸ், மற்ற ஐந்து வீடும் நாங்கள். அவரைச் சாவியம்மா என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். சிரிக்க மாட்டார். ஆனால் பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்துச் சறுக்காமல் உப்புப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

பரியாரியாரின் நாள் திங்கள். சாவியம்மாவின் நாள் செவ்வாய். புதன் தொடக்கம் சனி வரை எங்கள் நாலு வீடுகளுக்கும். எங்கள் சனத்துக்கு நாள் என்பது அரிசி, சீனி மாதிரித்தானே? இன்றைக்கு நீங்கள் எடுங்கோ, நாளைக்கு நான் எடுக்கிறேன் என்று கைமாற்றுக் கொடுத்துக்கொள்வோம். பரியாரியார் ஆளுக்கொரு போத்தல் செரியைக் கொடுத்து எங்கள் நாலு நாளையும் வாங்கிவிட்டார். ஆடி மாதம் முழுக்க நாங்கள் குளியல் தொட்டியில் உடுப்புத் தோய்த்தோம், கீழே கொசு மறிக்கிற நுளம்புவலை கட்டின மரச்சட்டங்களில் செரி சொகுசாகக் காய்ந்தது. இடையில் இடித்தது அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அன்றைக்கு எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைக்க வேண்டும்.

ஒரு செவ்வாய் அவர் தூக்கவில்லை. புதிதாகப் பிடுங்கின பழம், அவருக்கோ விடிகாலை வேலை. சட்டங்களை மேல்கொடியில் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். சாவியம்மா தன்னுடைய வெள்ளைக் கட்டில் விரிப்புகளைக் கீழ்க்கொடியில் விரித்தார். மத்தியானம் போய்ப் பார்த்தபோது விரிப்பெல்லாம் ரோசா நிறத்தில் சொட்டுச் சொட்டாக இருந்தது. என்னைப் படியில் கண்டு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: கட்டட நிர்வாகத்துக்குப் போன் பண்ணியிருக்கிறேன், வருகிற திங்கள் ஆள் வரும்.

நான் போய்ச் சொன்னபோது பரியாரியார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்போடு அப்படியே படியில் இருந்துவிட்டார்.

“வீடு போச்சுது தங்கச்சி. இனி அவ வரமாட்டா.”

எங்கள் ஆட்களின் மற்ற மூன்று வீட்டுக் கதவையும் போய்த் தட்டினேன். ஆள் வருவதற்குள் செரி என்ற சாமானே இந்தக் கட்டடத்தில் இருந்த அடையாளம் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். ஞாயிறு பின்னேரம் சட்டங்கள் மேலே ஏறின. எங்கள் கட்டிலுக்குக் கீழே கொஞ்சம். எங்களுக்கு எதிர்வீட்டில் குளியல் தொட்டிக்குள் கொஞ்சம். இரண்டாம் தட்டில் சாமிப் படங்களுக்கு முன்னால், படைத்தது மாதிரி, ஒரு சட்டம். கீழறையை நான் எலுமிச்சை வாசத் தண்ணீர் விட்டு மூன்றுதரம் துடைத்தேன்.

பதற்றம் வந்தால் எங்கள் ஆட்கள் எதையாவது கொறிக்காமல் இருக்க மாட்டார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. விடிந்து பார்த்தால் என் கணவரின் உதடு கத்தரிப்பூ நிறம். படியில் கண்ட அத்தனை பேரின் உதடும் அதே நிறம். கண்ணாடியில் பார்த்தேன், என்னுடையதும்தான்.

வந்தவர் ஒரு இளம் மனிதர். கையில் கோப்பு, கண் இரண்டும் சிவந்திருந்தது. வீடுகளுக்குள் அவர் எட்டியும் பார்க்கவில்லை, நேரே கீழறைக்குப் போனார். பின்னால் சாவியம்மா, பரியாரியார், டொச் கொஞ்சம் தெரியும் என்பதால் நான். மொழிபெயர்ப்புக்கு என்று போன நான், அறை துப்புரவாகத்தானே இருக்கிறது, பாருங்கள் என்று வாதாடத் தொடங்கினேன். சாவியம்மா என் உதட்டைப் பார்த்தார். அந்த மனிதரும் வெறும் கொடிகளை அண்ணாந்து பார்த்து, ஏதோ எழுதப் போனார். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் கொட்டாவி விட்டார்.

சின்னக் கொட்டாவி இல்லை. தாடை கழன்றுவிடும் போல ஒன்று. பக்கத்தில் பரியாரியார் அசைவதை நான் உணர்ந்தேன். முழங்கையால் இடித்தேன், காலை மிதித்தேன், எதுவும் நடக்கவில்லை. தனக்குத் தெரிந்த டொச்சை எல்லாம் திரட்டி அவர் கேட்டேவிட்டார்: “நித்திரை இல்லையோ?”

வீட்டில் கைக்குழந்தை, பல கிழமையாகத் தூக்கமே இல்லை என்றார் வந்தவர். அவ்வளவுதான். ஐந்து வீடும் சேர்ந்து ஒளித்த சாமான் பரியாரியாரின் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. ஒரு சின்னப் பொட்டலம். அதை அந்த மனிதரின் கோப்புக்கு மேலே வைத்து, படுக்கிறதுக்கு முதல் சாப்பிட வேண்டும், குளிசை எடுக்கிறவரானால் அதை நிற்பாட்டக் கூடாது என்று கையாலும் கண்ணாலும் விளங்கப்படுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வவுனியாவில் இருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்தேன்.

வந்தவர் ஒன்றை வாயில் போட்டார், அவருடைய கண்ணும் மூடியது. திறந்ததும், இந்த அறையில் பழம் காயப்போட்டீர்களா என்று கேட்டார். பரியாரியார் ஓம் என்று தலையாட்டினார். தமிழிலேயே சொன்னார்.

அப்போதுதான் சாவியம்மா வாய் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் நாங்கள் ஐந்து வீட்டுக்காரரும் சேர்ந்து எவ்வளவு பெரிய மடையர்கள் என்பது அதில்தான் விளங்கும்.

“நான் பழத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. என் தாயும் பரணில் ஆப்பிளும் பீன்ஸும் காயவைத்தவர்தான். விரிப்பில் பட்ட கறை கொதிதண்ணீர் ஊற்றினால் போய்விடும், போய்விட்டது. இவருடைய நாள் திங்கள். காயப்போட்டது என்னுடைய செவ்வாயில். இன்றைக்குத் திங்கள், இவருடைய சொந்த நாள். இன்றைக்கு ஏன் அறை வெறுமையாகக் கிடக்கிறது? இது என்ன ஒழுங்கு?”

வந்தவர் வீட்டு விதிகளைப் புரட்டினார். உங்களுடைய நாளில் என்ன காயவைக்கலாம், என்ன காயவைக்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவரவர் தங்கள் நாளை மட்டும் பயன்படுத்த வேண்டும், அறையைத் துடைக்க வேண்டும், இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார். வீட்டைப் பற்றிய கதையே வரவில்லை. பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பரியாரியாருக்கு நம்ப முடியவில்லை. அவர் போய்விட்டாரா, போய்விட்டாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டே நின்றார். சாவியம்மா போகவில்லை. ஒரு நாளில் புளிச்செரி காயாது, அரைகுறையாக எடுத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்றார். செரி முடியும்வரை தன்னுடைய செவ்வாயையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தன்னிடம் முதலே கேட்டுத்தான் எடுக்க வேண்டும், திரைக்குப் பின்னால் கைமாற்றக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: “கொட்டைகள் எங்கே?”

எறிந்துவிட்டோம் என்றதும்தான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. கொட்டையைக் கழுவிக் காயவைத்துத் துணிப்பையில் தைத்து, வெதுப்பியில் சூடாக்கி வயிற்றிலோ காலடியிலோ வைத்தால் நோவுக்கு எவ்வளவு சுகம் என்று எங்களுக்குத் தெரியாதாம். அந்த வருடம் தொடக்கம் கொட்டை எல்லாம் சாவியம்மாவுக்குப் போனது. கறை போன அந்த விரிப்புகளில் ஒன்றை வெட்டி அவர் தைத்த பை ஒன்று இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு ரோசாச் சொட்டு மட்டும் போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் மனைவி வந்து சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து, செரி எப்படி வேலைசெய்தது என்று தனியாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னது: “அக்கா, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நல்ல புளியாக் கிடந்தது எண்டு எல்லாத்தையும் மீன்குழம்புக்குத்தான் போட்டனான்.”

இதுவரை சொல்லவில்லை. இதை அவர் வாசித்தால் நான் பொறுப்பில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தப் பிள்ளை வந்து சேர்ந்த மறுநாளைப் பற்றி. காலை கழிந்து நல்ல வெளிச்சம். புதுசாக வந்த பிள்ளைக்கென்று புட்டும் சம்பலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பரியாரியார் வேலைக்குப் போகவில்லை. தன்னுடைய கதவுக்கு வெளியே, படியில் குந்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலை வாயில் வைத்தார்.

“நித்திரை கொள்ளுறா.”

அவ்வளவுதான் சொன்னார். கதவு மணியின் மேலே கைக்குட்டையை மடித்து ஒட்டியிருந்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எதிர்க்கதவு திறந்து, சாவியம்மா உடுப்புக் கூடையும் சாவியுமாக வெளியே வந்தார். சலவை அறை சரியாகப் பரியாரியாரின் படுக்கை அறைக்குக் கீழே இருந்தது. மெசின் சுழலத் தொடங்கினால் நிலம் அதிரும். சாவியம்மா படியில் இருந்தவரைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார், மணியில் ஒட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு கூடையோடு திரும்பி உள்ளே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க மெசின் ஓடவில்லை.

நான் புட்டைப் படியில் வைத்துவிட்டு பரியாரியாருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் எனக்குச் செரி தரவில்லை. முழங்கால் எப்படி என்று கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தப் படியில் இருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.